சாமுராய்கள் தேநீர்ச் சடங்கை ஏன் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டார்கள்? போருக்கு முன் மனதை அமைதிப்படுத்தவா?

அமைதியும் ஒரு காரணம்தான். ஆனால் அதை மட்டும் சொன்னால் கதை ரொம்பச் சாதுவாகிவிடும். 16-ஆம் நூற்றாண்டு ஜப்பானில் தேநீர் அதிகாரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைய பெரும் போர்த்தலைவர் ஓடா நொபுநாகா பெயர்பெற்ற தேநீர்ப் பாத்திரங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். தன் தளபதிகளுக்கு அவற்றைப் பரிசாகவும் கொடுத்தார். ஒரு தளபதி, மாகாணமே கிடைத்தும், ஆசைப்பட்ட தேநீர்த்தூள் சிமிழ் கிடைக்கவில்லையே என்று புலம்பினாராம்.

இந்த ஆட்களுக்கு நடுவில்தான் சென் நோ ரிக்யூ வருகிறார். சக்காய் துறைமுகத்து வணிகக் குடும்பம். நொபுநாகாவுக்கும், அவருக்குப் பின் ஆட்சியைப் பிடித்த ஹிதேயோஷிக்கும் தேநீர் ஆசான். கியோத்தோவுக்கு அருகே யமசாகியில் இருக்கும் தை-ஆன் அறை அவர் அமைத்தது என்பார்கள். விருந்தினருக்கும் தேநீர் தருபவருக்கும் சேர்த்தே இரண்டு பாய் அளவு இடம், வைக்கோல் தெரியும் மண்சுவர், மங்கிய வெளிச்சம். நுழைவாயில் ஏறக்குறைய 79 செ.மீ. உயரம்தான். எவ்வளவு பெரிய பிரபுவானாலும் குனிந்து தவழ்ந்துதான் போக வேண்டும். இந்த மாதிரி அறைகளில் வாளை வெளியே இறவாணத்தடியில் மாட்டிவிட்டு உள்ளே போவது வழக்கம். கிண்ணமோ, சோஜிரோ என்ற குயவர் சக்கரமில்லாமல் கையால் வனைந்த கறுப்புக் கிண்ணம். பூவேலை எதுவும் கிடையாது. பச்சைத் தேநீர் அந்தக் கறுப்பில்தான் எடுப்பாகத் தெரியும்.

அதே ஹிதேயோஷி, கழற்றி எடுத்துப் போகக்கூடிய ஒரு தங்கத் தேநீர் அறையும் வைத்திருந்தார்! 1587-இல் கித்தானோவில் குடியானவர்கள் உட்பட யார் வேண்டுமானாலும் வரலாம் என்று மாபெரும் தேநீர் விழா நடத்தி அதைக் காட்டினார். பத்து நாள் நடக்கவிருந்த விழா ஒரே நாளில் முடிந்தது. தங்க அறை ரசனை கெட்டது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மண் குடிசையில் உட்கார்ந்து எளிமையை ரசிப்பதும் அன்று அதிகாரம் இருந்தவர்களின் விளையாட்டாகத்தான் இருந்தது. என்ன, ரிக்யூவின் அறையில் ஆள்பவனும் குனிய வேண்டியிருந்தது.

1591-இல் ரிக்யூவை வயிற்றைக் கிழித்துச் சாகும்படி ஹிதேயோஷி உத்தரவிட்டார். தைதோகுஜி கோயில் வாசல் மாடியில் ரிக்யூவின் சிலை வைக்கப்பட்டது ஒரு குற்றச்சாட்டு. உண்மைக் காரணத்தை இன்னும் விவாதிக்கிறார்கள்.

சாமுராய் பாணி என்று தனியாகக் கேட்டால், ரிக்யூவின் மாணவர் ஃபுருதா ஒரிபேயைத்தான் சொல்வேன். இவர் போர்வீரரே. குரு அடக்கமாக வைத்ததை இவர் கோணலாக்கினார்: நெளிந்த கிண்ணங்கள், பச்சை மெருகு, துணிச்சலான கோலங்கள். 1615-இல் சதிக் குற்றம் சாட்டி, ஹிதேயோஷிக்குப் பின் வந்த தோகுகாவா ஆட்சி அவரையும் அதே முறையில் சாகவைத்தது. அப்புறம் வந்த தேநீர் ஆசான் கொபோரி என்ஷூ காலத்தில் நாடும் அடங்கிவிட்டது, தேநீரும் நளினமாகிவிட்டது.