ஏழெழுபதுக்கு முன்னால் வரும் வசனம்

கேள்வி: எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் எனக்கு நெருக்கமான ஒரு சகோதரியிடம், என் மகனைப் பற்றிய ஒரு கவலையை "ஜெபத்துக்கு மட்டும்" என்று சொல்லியிருந்தேன். இரண்டே வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஜெபக் கூட்டத்தில் அவரே எழுந்து, "பேர் சொல்ல வேண்டாம், நம்ம நடுவுல ஒரு தாயார் மகனுக்காகக் கண்ணீர் விடுறாங்க" என்று ஜெபக்குறிப்பு கொடுக்க, எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மூப்பர் ஒருவரிடம் சொல்லி அழுதேன். மத்தேயு 18-ஐ வாசியுங்கள், ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறார் என்றார். என் அக்காவிடமும் இரண்டு சிநேகிதிகளிடமும் சொன்னேன், அவர்களும் அதையேதான் சொன்னார்கள். பலமுறை வாசித்துவிட்டேன், கோபம் போகவில்லை. கடைசி வசனத்தைப் படித்தால் பயம்தான் வருகிறது. நான் மன்னிக்காவிட்டால் தேவனும் என்னை மன்னிக்கமாட்டாரா? அவரோ ஒன்றும் நடக்காததுபோல "ஸ்தோத்திரம் அக்கா" என்கிறார்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

"பேர் சொல்ல வேண்டாம்" என்று ஆரம்பிக்கும் ஜெபக்குறிப்புகளை நானும் கேட்டிருக்கிறேன். பேரைத் தவிர மற்ற எல்லாம் அதில் இருக்கும். உங்களுக்கு வலித்ததில் ஆச்சரியமே இல்லை.

மூப்பர் சொன்ன அதிகாரம் சரியானதுதான். ஆனால் 35 வசனங்கள் உள்ள அதிகாரத்தில் 22-ஆம் வசனத்தை மட்டும் பிய்த்துக் கையில் கொடுத்துவிட்டார். 21-ஆம் வசனம் "அப்பொழுது" என்று தொடங்குகிறது, கவனித்தீர்களா? எப்பொழுது? இயேசு வேறு ஒன்றைச் சொல்லி முடித்த பிறகு. அது 15-ஆம் வசனம்: "உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து." இதைக் கேட்ட பிறகுதான் பேதுருவுக்கு, சரி, போய்ச் சொன்னேன், மன்னித்தேன், அவன் மறுபடியும் செய்தால் எத்தனை தரம் என்ற சந்தேகம் வருகிறது. அதற்குப் பதிலாக வந்ததுதான் ஏழெழுபது. உங்களையோ 15-ஐத் தாண்டி நேராக 22-க்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் எத்தனை முறை வாசித்தும் கோபம் நகரவில்லை என்று நினைக்கிறேன். சொல்ல வேண்டியவரிடம் சொல்ல வேண்டியது அப்படியே கிடக்கிறது.

கொஞ்சம் கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மூப்பரிடம் போனீர்கள், அக்காவிடம் போனீர்கள், இரண்டு சிநேகிதிகளிடம் போனீர்கள். ஆக நான்கு பேர். என்னையும் சேர்த்தால் ஐந்து. அந்தச் சகோதரிக்கு மட்டும் இன்னும் தெரியாது. அவர் "ஸ்தோத்திரம் அக்கா" என்பது நடிப்பாக இருக்கலாம், ஆனால் தான் செய்தது என்னவென்றே அவருக்கு உறைக்காமலும் இருக்கலாம். நம் சபைகளில் பலருக்கு ஜெபக்குறிப்புக்கும் வம்புக்கும் நடுவே உள்ள கோடு உண்மையிலேயே தெரிவதில்லை.

உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நானும் ஒருவரைப் பற்றிய வருத்தத்தை அவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் மாதக்கணக்கில் சொல்லித் திரிந்தவன். கடைசியில் போய்ப் பேசினேன். அவர் பாதியிலேயே வேறு பேச்சுக்குத் தாவிவிட்டார். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அதை வேறு யாரிடமும் எடுக்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த 15-ஆம் வசனத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போகிற மேய்ப்பன். லூக்கா 15-இல் இதே கதை பரிசேயருக்குச் சொல்லப்படுகிறது, இயேசு பாவிகளோடு ஏன் சாப்பிடுகிறார் என்ற முறுமுறுப்புக்குப் பதிலாக. மத்தேயுவிலோ அது சீஷர்களுக்குச் சொன்னது, அதை அடுத்துச் சொல்வதே "அவனிடத்தில் போய்" என்பதுதான். ஆக, அந்தச் சகோதரியிடம் நீங்கள் போவது கணக்குத் தீர்க்க இல்லை. அவர் செவிகொடுத்தால் "உன் சகோதரனை ஆதாயப்படுத்திக்கொண்டாய்" என்று வருகிறது, பாருங்கள், ஆதாயம் என்பது வியாபாரச் சொல். வழக்கில் ஜெயித்தாய் என்று இயேசு சொல்லவில்லை.

(இதே இடத்தில்தான் "இரண்டுபேராவது மூன்றுபேராவது என் நாமத்தினாலே எங்கே கூடியிருக்கிறார்களோ" என்பதும் வருகிறது. கூட்டத்துக்கு ஆள் குறைந்த நாளில் நம்மைத் தேற்றிக்கொள்ள எடுக்கும் வசனம். அதன் சொந்த இடம் ஒரு மனத்தாங்கலைத் தீர்க்க உட்கார்ந்திருக்கிற இரண்டு மூன்று பேர். அங்கேதான் "அவர்கள் நடுவிலே இருக்கிறேன்" என்கிறார்.)

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன்.

அந்த அதிகாரம் ஓர் உவமையோடு முடிகிறது. ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட வேலைக்காரன் ஒருவன் கெஞ்சி, மன்னிப்புப் பெறுகிறான். வெளியே போனதும், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன்வேலைக்காரனைப் பிடித்துச் சிறையில் போடுகிறான், ராஜா அவனைத் தண்டிக்கிறான். நீங்களும் மன்னிக்காவிட்டால் பிதாவும் இப்படியே செய்வார் என்பதுதான் கடைசியான 35-ஆம் வசனம். அதைப் பிரசங்கத்தில் கேட்கும்போது, பதினாயிரம் தாலந்து மலை, நூறு வெள்ளிப்பணம் தூசி என்று சொல்லி விட்டுவிடுவார்கள். முதல் பாதி சரி. ஒரு தாலந்து என்பது சுமார் 6,000 வெள்ளிப்பணம். 20-ஆம் அதிகாரத்துத் திராட்சத்தோட்டக் கூலியாளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பணம், அதாவது இதே வெள்ளிப்பணம். அப்படியென்றால் பதினாயிரம் தாலந்து 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் உழைத்தால் 2 லட்சம் வருஷம் ஆகும். கலிலேயாவையும் பெரேயாவையும் ஆண்ட ஏரோது அந்திப்பாவுக்கு அவற்றிலிருந்து வருஷ வருமானம் 200 தாலந்து என்று யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதியிருக்கிறார். அவனே 50 வருஷம் வசூலித்தாலும் அப்போதுதான் கட்டும். "எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று அந்த வேலைக்காரன் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்திருப்பார்கள்.

இரண்டாவது பாதியோடுதான் எனக்குச் சண்டை. நூறு வெள்ளிப்பணம் தூசி இல்லை. நூறு நாள் கூலி. வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் ஏறக்குறைய நான்கு மாதச் சம்பளம். அன்றாடங்காய்ச்சிக்கு அது போனால் வீடே ஆடிப்போகும். இயேசு நினைத்திருந்தால் இரண்டு காசு என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. உங்களுக்கு நேர்ந்தது சின்ன விஷயம் என்று இந்த அதிகாரம் எங்கும் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் இதைச் சரியாக வாசிக்கவில்லை.

அப்படியானால் அந்த வேலைக்காரன் மாட்டிக்கொண்டது எதில்? கடனைக் கேட்டதில் இல்லை, "தொண்டையை நெரித்து" கேட்டதில். கெஞ்சினவன் சொன்னது கொஞ்சம் முன்னால் இவனே ராஜாவிடம் சொன்ன அதே வார்த்தைகள்: "என்னிடத்தில் பொறுமையாயிரும்." அது இவன் காதில் விழவே இல்லை. 35-ஆம் வசனத்தின் கடுமையை உங்களுக்காக நான் மழுப்பப் போவதில்லை, அது கடுமையான வசனம்தான். ஆனால் அது நெரித்த கையை எடுக்க மறுக்கிறவனைப் பார்த்துச் சொன்னது. கை இன்னும் இறுகியிருக்கிறதே என்று அழுதுகொண்டு கடிதம் எழுதுகிறவர் அவன் இல்லை. கோபம் வரத்தான் செய்யும். நீங்கள் எடுக்க வேண்டியது கையை. இன்றைக்கு எடுத்தாலும் நாளைக்கு அவரைப் பார்த்ததும் திரும்பப் போய் இறுகும், மறுபடியும் எடுக்க வேண்டும். ஏழெழுபதில் பாதி எண்ணிக்கை இந்த ஒரே குற்றத்துக்கே செலவாகிவிடும் போலிருக்கிறது.

அதற்காக அவரிடம் அடுத்த ரகசியத்தையும் சொல்லிவைக்க வேண்டியதில்லை. ராஜா கடனை மன்னித்தான் என்று இருக்கிறது, மறுபடியும் கடன் கொடுத்தான் என்று இல்லை.

போகிற விதம் பற்றி ஒரு வார்த்தை. ஆராதனை முடிந்து எல்லோரும் நிற்கிற இடத்தில் வேண்டாம். வாட்ஸ்அப் அறவே வேண்டாம், அதில் "தனித்திருக்கையில்" என்பதே கிடையாது, ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். நேரில் உட்கார்ந்து, "நான் உன்கிட்ட மட்டும்னு சொன்னது கூட்டத்துல வந்துருச்சு, எனக்கு ரொம்ப வலிச்சுது" என்று சொல்லுங்கள். "ஜெபத்துக்குத்தானே அக்கா சொன்னேன்" என்று பதில் வரலாம். "தெரியும்மா, ஆனா வலிச்சுது" என்று அதே இடத்தில் நில்லுங்கள், புது வாதம் எதையும் தொடங்காதீர்கள். அவர் ஒத்துக்கொள்ளவே இல்லையென்றால் 16-ஆம் வசனம் இருக்கிறது, ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போகலாம்.

(வேறு யாராவது இதை வாசித்தால்: அடிக்கிறவர், சிறு பிள்ளைகளைக் கெடுக்கிறவர் விஷயத்தில் தனியாகப் போய்ப் பேசு என்று இந்த வசனத்தை நீட்டாதீர்கள். அவர்களுக்கு இதே அதிகாரத்தின் 6-ஆம் வசனத்தில், கழுத்தில் கட்டிக் கடலில் ஆழ்த்துகிற ஏந்திரக்கல் இருக்கிறது. முதலில் பாதுகாப்பு, அப்புறம் மற்றது.)

கடைசியாக, உங்கள் கடிதத்தில் பேருக்கு மட்டும் வந்துபோகிற ஒருவர். உங்கள் மகன். கூட்டத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தது உங்களை, ஆனால் வெளியே போன கதை அவருடையது. "ஜெபத்துக்கு மட்டும்" என்று அதை முதலில் இன்னொருவர் காதில் போட்டது நீங்கள்தான், பாசத்தோடுதான் என்றாலும். சபைக்கே தெரிந்திருப்பது அவருக்குத் தெரியுமா? வேறு யார் வாயிலாகவாவது அது அவர் காதுக்குப் போகும் முன், அந்தச் சகோதரியைப் பார்க்கப் போவதற்கும் முன்னால், அவரிடம் உட்காருங்கள். "உன்கிட்ட கேக்காம சொல்லிட்டேன்பா" என்று சொல்லிவிட்டு, அவர் என்ன சொன்னாலும், ஒன்றுமே சொல்லாமல் எழுந்து போனாலும், கொஞ்ச நேரம் அங்கேயே இருங்கள்.