1927 யாங்கீஸா, 1998 யாங்கீஸா?

அன்புள்ள சார்,

கொஞ்ச நாளாக கம்ப்யூட்டரில் பேஸ்பால் சிமுலேஷன் ஆடுகிறேன். எந்த வருடத்து அணியையும் எந்த வருடத்து அணியோடும் மோதவிடலாம். எட்டு அணிகளை வைத்து ஒரு பிளேஆஃப் நடத்தினேன். 1906 சிகாகோ கப்ஸ் முதல் சுற்றிலேயே வெளியேறியது. இறுதியில் 1927 நியூயார்க் யாங்கீஸை அதே ஊரின் 1998 யாங்கீஸ் 4-2 என்று ஜெயித்தது. ஆபீஸில் ஒரு பெரியவர், "பேப் ரூத் இருக்கும் அணி எப்படித் தோற்கும்? உன் ப்ரோக்ராமே தப்பு" என்கிறார். இதை வைத்து எது பெரிய அணி என்று சொல்லலாமா? நீங்கள் யார் மேல் பணம் கட்டுவீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் பெரியவருக்கு. ஒரே ஒரு சீரிஸை வைத்து ப்ரோக்ராமைத் திட்டவும் முடியாது, மெச்சவும் முடியாது. ஓர் ஆட்டத்தை ஜெயிக்க 55 சதவீத வாய்ப்புள்ள அணி, ஏழு ஆட்ட சீரிஸை ஜெயிக்க இருக்கும் வாய்ப்பு 61 சதவீதம்தான். நிஜத்திலும் இதே கதைதான். உங்கள் முதல் சுற்றில் போன கப்ஸ், 1906 சீசனில் 116 ஆட்டங்களை ஜெயித்து 36இல் மட்டும் தோற்ற அணி. வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதிப் பட்டப் போட்டியில் அதே ஊர் ஒயிட் சாக்ஸிடம் 4-2 என்று கவிழ்ந்தது. அந்த ஒயிட் சாக்ஸோ பேட்டிங் சராசரியில் தன் லீகிலேயே கடைசி. எனவே அதே இறுதிப் போட்டியை ஆயிரம் தடவை ஓட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

ஆனால் ஆயிரம் தடவை ஓட்டினாலும் ஒரு விஷயம் பாக்கி. ஆட்டம் எந்த வருடத்தில் நடந்தது? நீங்கள் அதை எழுதவில்லை. பெரும்பாலான சிமுலேஷன்களில் காலத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு வசதி உண்டு. முடிவில் பாதி அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

ரூத் 1927இல் அடித்த ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) 60. அந்த வருடம் யாங்கீஸ் ஆடிய அமெரிக்கன் லீகின் மற்ற ஏழு அணிகளில் எந்த ஓர் அணியும், எல்லா ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கூட, அவ்வளவு அடிக்கவில்லை. அவரை 1998க்குக் கொண்டுவரும்போது ப்ரோக்ராம் பொதுவாகச் செய்வது இதுதான்: உன் காலத்து சராசரி ஆட்டக்காரனைவிட நீ எவ்வளவு மேலே இருந்தாயோ, இங்கேயும் அவ்வளவு மேலே இரு. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் 1927இன் சராசரி ஆட்டக்காரனும் 1998இன் சராசரி ஆட்டக்காரனும் ஒன்று என்று சத்தமில்லாமல் ஒப்புக்கொண்டால்தான் இந்தக் கணக்கு நிற்கும். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கறுப்பர்களை உள்ளேயே விடாத லீக் அது. அந்தத் தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்கு இறங்கியது 1947இல்தான். "சரி, 1927 வழக்கப்படியே ஆடுவோம்" என்று பெரியவர் சொன்னால், 1998 அணியின் டெரிக் ஜீட்டரையும் மரியானோ ரிவேராவையும் கறுப்பர் வம்சம் என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். 1998 அணி பாதியாகிவிடும்.

ஆட்டத்தின் கடைசியில் வந்து பந்து வீசும் ரிவேராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ், ரூத் மட்டையோடு வருகிறார் என்று வையுங்கள். அவர் காலத்தில் ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சரே (பந்து வீசுபவர்) பல ஆட்டங்களில் கடைசிவரை வீசுவார். நான்காவது முறை ரூத் வரும்போது எதிரில் இருப்பது களைத்த கை. இங்கே அதுவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த புதுக் கை. ரிவேராவின் கட்டர் என்ற பந்து நேராக வருவதுபோல் வந்து, கடைசி நொடியில் இடக்கை ஆட்டக்காரரின் விரல்களை நோக்கித் திரும்பும். அதில் உடைந்த மட்டைகள் ஏராளம். ரூத் இடக்கைக்காரர், அவர் மட்டை 40 அவுன்ஸுக்கு மேல், அதாவது ஒரு கிலோவுக்கும் அதிகம். அதை இழுத்து உள்ளே கொண்டுவர நேரம் இருக்குமா? நான் பார்க்க ஆசைப்படும் காட்சி இது ஒன்றுதான். எந்த ப்ரோக்ராமும் இதைக் காட்டாது. 1960களிலிருந்து விற்கும் ஸ்ட்ராட்-ஓ-மாடிக் என்ற அட்டை விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று தாயக்கட்டைகளை உருட்ட வேண்டும். ஒரு கட்டையில் 1 முதல் 3 வரை விழுந்தால் அடிப்பவரின் அட்டையைப் பார்க்க வேண்டும், 4 முதல் 6 என்றால் பிட்சரின் அட்டையை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை எந்த வரி என்று சொல்லும். அருமையான ஏற்பாடு, நானே மணிக்கணக்கில் உருட்டியிருக்கிறேன். ஆனால் 'மட்டை முறிந்தது' என்று எந்த வரியிலும் இருக்காது.

பணம்? ஆட்டக்காரர்கள் அப்படியே உடம்போடு வந்து இறங்குவதானால் 1998 மேல்தான் கட்டுவேன். அவரவர் காலத்தை அவரவர் எவ்வளவு ஆட்டிவைத்தார்கள் என்பது கேள்வி என்றால் 1927. இரண்டும் வேறு வேறு பந்தயம். நீங்களும் பெரியவரும் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள்.

முடிந்தால் கறுப்பர்களுக்கென்று தனியாக இருந்த நீக்ரோ லீகின் 1935 பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸை உங்கள் பிளேஆஃபில் சேருங்கள். ஜாஷ் கிப்சன், ஆஸ்கார் சார்ல்ஸ்டன், கூல் பாப்பா பெல் எல்லாம் ஒரே அணியில். நீக்ரோ லீக் கணக்குகளை 2024இல்தான் மேஜர் லீக் தன் ஏட்டில் ஏற்றியது; கிப்சனின் வாழ்நாள் பேட்டிங் சராசரி .372 என்று, அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபையும் தாண்டி நிற்கிறது. ரூத் காலத்து யாங்கீஸ் லீகில் மோதவே வேண்டியிராத ஆட்கள் இவர்கள். பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டினால் இன்னும் நல்லது.

அப்புறம், பிட்சருக்குப் பதிலாக இன்னொருவர் மட்டை பிடிக்கலாம் என்ற டி.எச். விதியை வைத்தீர்களா, இல்லையா? 1973இல் வந்த விதி அது. வைத்திருந்தால் 1927 அணி பிட்சருக்குப் பதிலாக அடிக்க பெஞ்சிலிருந்து ஒருவரைத் தேட வேண்டியிருக்கும். வைக்காவிட்டால் 1998 பிட்சர்கள் பழக்கமில்லாமல் மட்டை பிடிக்க வேண்டும். எழுதுங்கள்.