'இவ்வாறாக' இல்லாமல் ஒரு முடிவுரை

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். தமிழ்க் கட்டுரையில் முன்னுரையும் உள்தலைப்புகளும் ஓரளவு நன்றாக வந்துவிடுகின்றன. முடிவுரைக்கு வந்ததும் 'இவ்வாறாக' என்று தொடங்கி, முன்னுரையில் எழுதியதையே கொஞ்சம் மாற்றி எழுதிவிடுகிறேன். ஆசிரியர் 'முடிவுரை சரியில்லை' என்று மட்டும் குறித்துத் தருகிறார். எப்படி எழுதினால் சரியாகும்? பரீட்சையில் அதற்குள் நேரமும் ஓடிவிடுகிறது.

பதில்: உன் சிக்கல் கடைசிப் பத்தியில் தொடங்கவில்லை, கட்டுரை எழுத உட்காரும்போதே தொடங்கிவிடுகிறது. எட்டு மதிப்பெண் கட்டுரைக்குக் குறிப்புகளைக் கேள்வித்தாளிலேயே தந்துவிடுகிறார்கள். 'முன்னுரை - நீரின் இன்றியமையாமை - நீர்நிலைகள் - மழைநீர் சேகரிப்பு - நமது கடமை - முடிவுரை' என்பது போல. அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தலைப்பாக நிரப்பிக்கொண்டே வந்தால், முடிவுரையில் எழுத ஒன்றும் மிஞ்சாது. அப்புறம் கை தானாக முன்னுரைக்குத்தான் திரும்பும்.

இந்தத் தண்ணீர்க் கட்டுரையையே எடுத்துக்கொள்வோம். விடைத்தாள்களில் நான் அடிக்கடி பார்க்கும் முடிவுரை இப்படி இருக்கும்:

'இவ்வாறாக, நீரின் இன்றியமையாமை பற்றியும் நீர்நிலைகள் பற்றியும் மழைநீர் சேகரிப்பு பற்றியும் மேலே கண்டோம். நீர் நம் உயிர். எனவே நாம் அனைவரும் நீரைக் காப்போம், நாட்டை உயர்த்துவோம்!'

பிழை ஏதும் இல்லை. ஆனால் 'நீர்' வருகிற இடத்திலெல்லாம் 'மரம்' என்று போட்டுப் பார். மரம் நம் உயிர், மரத்தைக் காப்போம், நாட்டை உயர்த்துவோம். உள்தலைப்புகளின் பெயரை மாற்றினால் போதும், அப்படியே மரம் வளர்ப்பு கட்டுரைக்குப் பொருந்திவிடும். எந்தக் கட்டுரைக்கும் பொருந்துகிற முடிவுரை எந்தக் கட்டுரைக்கும் சொந்தமில்லை. உன் ஆசிரியர் 'சரியில்லை' என்று எழுதியதற்கு இதுதான் பொருள் என்று நினைக்கிறேன்.

சரி, வேறு எப்படி எழுதுவது? உள்ளே என்ன எழுதியிருக்கிறாய் என்று பார். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டதை எழுதியிருப்பாய். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்ததையும், 2019இல் அதே நகரத்துக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததையும் எழுதியிருப்பாய். ஏரிகள் தூர்ந்துபோனது, ஆக்கிரமிப்பு, இவையும் இருக்கும். எல்லாமே தனித்தனியாகக் கிடக்கின்றன. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'அதனால் என்ன?' என்று உன்னையே கேள். அதற்கு நீ சொல்லும் பதில்தான் முடிவுரை:

'2015இல் வெள்ளத்தில் மூழ்கிய சென்னைக்கு, 2019இல் ரயிலில் குடிநீர் வந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் இரண்டையும் பார்த்துவிட்ட பிறகு, மழையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பெய்த மழையைத் தேக்கி வைக்க நாம் இடம் விடவில்லை. கூரையில் விழும் நீரை மண்ணுக்குள் இறக்குவது ஒவ்வொரு வீட்டின் பொறுப்பு. ஏரியைத் தூர்வாரி, வரத்துக் கால்வாயை மீட்பது ஊரின் பொறுப்பு, அரசின் பொறுப்பு. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இந்த வேலைகள் தொடங்க வேண்டும்.'

இதில் புதுத் தகவல் ஒன்றுகூட இல்லை, கவனித்தாயா? வெள்ளம், ரயில், கூரை, ஏரி எல்லாம் உள்ளே வந்தவைதான். புதிதாக வந்தது ஒரே ஒரு வாக்கியம், 'தேக்கி வைக்க நாம் இடம் விடவில்லை' என்பது. அது உன் தீர்ப்பு. முடிவுரையின் உயிரே அந்த ஒரு வரிதான். மற்ற வரிகள் அதற்கு முன்னால் சான்றாகவும், பின்னால் 'யார், எப்போது, என்ன செய்ய வேண்டும்' என்பதாகவும் நிற்கின்றன. 'நாம் அனைவரும்' என்று எழுதும்போது யாருக்கும் வேலை கொடுத்ததாக ஆகாது. வீடு, ஊர், அரசு என்று பிரித்துச் சொன்னால்தான் கருத்துக்குப் பிடிமானம் கிடைக்கும்.

முடிவுரை எழுதும்போது திடீரென்று ஒரு நல்ல தகவல் நினைவுக்கு வரும். அதை அங்கே செருகாதே. நடுவில் இடம் இருந்தால் அங்கே சேர், இல்லாவிட்டால் விட்டுவிடு. விளக்கவும் வழியில்லாமல் விட்டுவிடவும் மனமில்லாமல் கடைசிப் பத்தியில் நிற்கும் தகவல், கட்டுரை பாதியில் நின்றுவிட்டது போலக் காட்டும்.

குறள் விஷயத்துக்கு வருவோம். குறளோடு முடித்தால் மதிப்பெண் கூடும் என்று பல பிள்ளைகள் நம்புகிறார்கள். தண்ணீர் என்றால் 'நீரின்றி அமையாது உலகு' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், பெரும்பாலும் முன்னுரையிலும் அதுவே இருக்கும். அந்தக் குறளை முழுதாகப் பார்: 'நீர்இன்று அமையாது உலகெனின் யார்யார்க்கும் வான்இன்று அமையாது ஒழுக்கு.' முதல் பாதி நீரைச் சொல்கிறது, இரண்டாம் பாதி மழையைச் சொல்கிறது. உன் கட்டுரை மழைநீரைப் பற்றியது என்றால் உனக்கு வேண்டியது அந்த இரண்டாம் பாதிதான். முன்னுரையில் முதல் பாதியைச் சொல்லி, முடிவுரையில் 'வான்இன்று அமையாது' என்பதை எடுத்து உன் தீர்ப்போடு சேர்த்தால் குறளுக்கு அங்கே வேலை இருக்கிறது. வேலை இல்லாத குறளை எழுதாமல் விடுவதே நல்லது, அது வள்ளுவருக்கும் மரியாதை.

'செல்பேசி: நன்மையும் தீமையும்' மாதிரித் தலைப்புகளில் வேறொரு பழக்கம் உண்டு. 'அளவோடு பயன்படுத்தினால் நன்மை, அளவை மீறினால் தீமை' என்று முடித்துவிடுவார்கள். உப்பு, சர்க்கரை, தொலைக்காட்சி எல்லாவற்றுக்கும் இதையே சொல்லலாமே. எது அளவு என்று சொல். 'பாடம் சம்பந்தமாகத் தேட மாணவருக்குச் செல்பேசி கொடுக்கலாம். இரவில் படுக்கைக்குக் கொண்டுபோக விடக் கூடாது' என்று எழுதினால் அது ஒரு முடிவு. படிப்பவர் உன்னோடு உடன்படாமல் போகலாம், அதில் தப்பில்லை. ஒரு நிலைப்பாடு எடுத்திருக்கிறாய் என்பது தெரிந்தால் போதும். பாடத்தில் வரும் கதையையோ கவிதையையோ பற்றிய நெடுவினா என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டாம். கேள்வியை இன்னொரு முறை படித்து, கேட்டதற்கு நேரடிப் பதிலை இரண்டு மூன்று வரியில் சொன்னால் முடிந்தது.

'முடிவுரை' என்ற உள்தலைப்பை மறக்காமல் எழுது, குறிப்பில் கேட்டிருக்கிறார்கள். இரண்டு மூன்று பக்கக் கட்டுரைக்கு ஐந்தாறு வரி போதும். 'நன்றி, வணக்கம்' மேடைப்பேச்சுக்கு உரியது.

இப்போது நேரம். கேள்வித்தாளைப் படிப்பதற்கென்று தேர்வின் தொடக்கத்தில் பத்து நிமிடம் தருகிறார்கள் அல்லவா, அப்போதே கட்டுரைத் தலைப்பைத் தேர்ந்தெடுத்து, உன் தீர்ப்பு என்ன என்று மனதுக்குள் ஒரு வாக்கியம் சொல்லிப் பார். விடைத்தாள் கைக்கு வந்து, கட்டுரையைத் தொடங்கும்போது அதைப் பென்சிலால் ஓரத்தில் சிறிதாகக் குறித்துக்கொள், முடித்ததும் அழித்துவிடு. அந்த வரி கண்முன் இருந்தால் உள்தலைப்புகளும் தானாக அதை நோக்கியே போகும்.

வீட்டில் பழகுவதற்கு முழுக் கட்டுரை எழுத வேண்டியதில்லை. பழைய கட்டுரை நோட்டை எடு, முடிவுரையை ஒரு தாளால் மறை, மேலே உள்ளதை மட்டும் படித்துவிட்டுப் புதிதாக ஐந்து வரி எழுது. பிறகு மறைத்ததைத் திறந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார். அதையே ஆசிரியரிடமும் காட்டு, எந்த வரி சரியில்லை என்று கேட்டு வாங்கிக்கொள்.

இவ்வளவுக்கும் பிறகு தேர்வில் மணி அடிக்க இரண்டு நிமிடம்தான் இருக்கிறது என்றால், 'இவ்வாறாக' என்பதை எழுதி ஒரு வரியை வீணாக்காதே. உள்தலைப்பைப் போடு, உன் தீர்ப்பை ஒரு வாக்கியமாக எழுது, யார் என்ன செய்ய வேண்டும் என்பதை இன்னொரு வாக்கியமாக எழுது.