கச்சேரிக்குச் சாமான் கொடுக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கச்சேரி (மாவட்டச் செயலகம்) போன்ற அரச அலுவலகங்களுக்கு விற்பது பற்றி ஒரு பந்தி எழுதியிருந்தேன். அதற்குத் திருகோணமலை மாவட்டத்திலிருந்து மட்டும் நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன, அதனால் இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே. கணக்குக் கிளையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பில்களைப் பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

உப்புவெளியில் வீட்டோடு தையல் நிலையம் வைத்திருக்கிறேன் ஐயா, மூன்று பிள்ளைகள் என்னிடம் வேலை செய்கிறார்கள். ஆஸ்பத்திரி, விடுதிகளுக்குத் திரைச்சீலை, கட்டில் விரிப்பு தைத்துக் கொடுக்க ஆசை. டெண்டர் எல்லாம் பெரிய கம்பெனிக்காரருக்குத்தான் என்கிறார்கள். எங்கே தொடங்குவது?

தங்கச்சி, டெண்டரில் தொடங்கவே வேண்டாம். அலுவலகங்கள் வாங்கும் சின்னச் சின்னச் சாமான்கள் பெரும்பாலும் பத்திரிகை விளம்பரம் போட்டு வாங்கப்படுவதில்லை. பதிவு செய்த வழங்குநர்களின் பட்டியல் ஒன்று அவர்களிடம் இருக்கும், அதிலிருந்து சிலருக்குக் கடிதம் போட்டுக் கொட்டேஷன் (விலைமனு) எடுப்பார்கள். அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லையென்றால் நீங்கள் எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் யாருக்கும் உங்களைக் கேட்க வழியில்லை.

'வழங்குநர்களைப் பதிவு செய்தல்' என்ற தலைப்பில் ஆண்டின் கடைசி மாதங்களில் தினகரன் போன்ற பத்திரிகைகளில் அறிவித்தல் வரும், அலுவலக அறிவித்தல் பலகையிலும் ஒட்டுவார்கள். அடுத்த ஆண்டுக்கான பதிவு அது. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், பொருள் வகை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காசு கட்ட வேண்டியிருக்கும், ஓர் அலுவலகத்தில் பதிந்தது இன்னோர் அலுவலகத்துக்குச் செல்லாது. நமக்கு ஒரு வசதி இருக்கிறது. 2007 இல் வடக்கும் கிழக்கும் தனித்தனியானதிலிருந்து கிழக்கு மாகாண நிர்வாகம் நம் ஊரில்தான், கச்சேரியும் 11 பிரதேச செயலகங்களும் அதற்கு மேல், வலயக் கல்வி அலுவலகங்கள், ஆஸ்பத்திரிகள், கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் என்று வாங்குகிற இடம் தாராளம். எல்லாவற்றிலும் பதியாதீர்கள், கட்டணமே உங்களைத் தின்றுவிடும். திரைச்சீலையும் விரிப்பும் உண்மையிலேயே வாங்குகிற இரண்டு மூன்று இடங்களைத் தெரிவு செய்யுங்கள்.

முதல் வேலை வணிகப் பெயர் பதிவு. பிரதேச செயலகத்தில் கேளுங்கள், அங்கேயே சிறு தொழில்களுக்கென்று இருக்கும் உத்தியோகத்தரையும் சந்தியுங்கள், அவர்களின் வேலையே இதுதான். வணிகப் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, வரி இலக்கம், கடிதத் தலைப்பு, சீல், இவை இருந்தால் தொடங்கலாம். 'ப்ரோமிஸ்' என்ற அரச கொள்முதல் இணையத்தளத்திலும் பதியச் சொல்லிப் பல நிறுவனங்கள் இப்போது கேட்கின்றன, உங்களிடம் வேலை செய்யும் பிள்ளைகளில் கணினி தெரிந்த ஒருவரை உட்கார வைத்துச் செய்துவிடுங்கள். 50 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட டெண்டர்களுக்கு 1987 ஆம் ஆண்டின் பொது ஒப்பந்தங்கள் சட்டத்தின் கீழ் கம்பெனிப் பதிவாளரிடம் தனிப் பதிவு வேண்டும். அது இப்போது உங்கள் கதை இல்லை, யாராவது பயம் காட்டினால் குழம்பாதீர்கள்.

கிண்ணியாவில் தச்சுப் பட்டறை. ஒரு அரச நிறுவனத்துக்கு மேசை கதிரை செய்து கொடுத்து மாதக்கணக்காகிறது. போனால் "காசு வரவில்லை, வந்ததும் போடுவோம்" என்கிறார்கள். மரத்துக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஏறுகிறது. இனி அரசாங்கத்துக்கு விற்பதே இல்லை என்று முடிவெடுத்துவிட்டேன், சரிதானே?

நானா, உங்கள் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். பட்டறைக்காரன் வேலையில் பிழை விடவில்லை, சாமான் நல்லது, கொடுத்ததும் நேரத்துக்கு, ஆனாலும் வட்டி கட்டுவது அவன். இது அநியாயம்தான். மூடிவிட்டு ஒதுங்குவதற்கு முன் காசு எங்கே நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள், ஏனென்றால் "காசு வரவில்லை" என்ற ஒரே பதிலுக்குள் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, உங்கள் பில் வவுச்சராக, அதாவது காசு கொடுப்பதற்காக அலுவலகம் தயாரிக்கும் கொடுப்பனவுச் சீட்டாக, மாறவே இல்லை. அலுவலகம் உங்களுக்குக் காசு போட வேண்டுமென்றால் கொள்வனவுக் கட்டளை, உங்கள் பில், சாமான் சரியாக வந்து இருப்பில் பதியப்பட்டது என்று களஞ்சியப் பொறுப்பாளரின் கையெழுத்து, எல்லாம் ஒரே பைலில் சேர வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் கணக்குக் கிளை அந்தப் பைலைத் தொடாது, கணக்காய்வில் மாட்டிக்கொள்வது அவர்கள் அல்லவா. உங்கள் கடிதத்தில் சாமானைப் பாடசாலைகளிலேயே இறக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஒவ்வொரு அதிபரும் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்ட தாள் அலுவலகத்துக்கு வந்ததா? அனேகமாக அங்கேதான் சிக்கியிருக்கும். விஷயக் கிளார்க்கிடம் "எப்ப காசு?" என்று கேட்காமல், "வவுச்சர் போட்டாச்சா, இலக்கம் என்ன?" என்று கேளுங்கள். இலக்கம் இருந்தால் பைல் கணக்குக் கிளையில் இருக்கிறது. இல்லையென்றால் என்ன கடதாசி குறைகிறது என்று அவர் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டாவது, வவுச்சர் தயார், ஆனால் திறைசேரி கட்டுநிதியை, அதாவது பில்களுக்குக் கொடுக்க வேண்டிய காசை, அனுப்பவில்லை. இது அந்த அலுவலகத்தின் கையில் இல்லை. அரசாங்கத்தின் நிதியாண்டு டிசம்பர் 31 இல் முடிகிறது. அதற்குள் ஒதுக்கீட்டைச் செலவழிக்க வேண்டும் என்று நவம்பர், டிசம்பரில் ஓர்டர்கள் குவியும், அந்த நேரத்தில் கட்டுநிதி எல்லோருக்கும் போதாது. மீதிப் பில்கள் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்பட்டு, புது ஆண்டின் காசு வரும்வரை கிடக்கும். அதனால்தான் சொல்கிறேன், டிசம்பரில் வரும் பெரிய ஓர்டரைக் கண்டு சந்தோஷப்படும் முன் சில மாதம் காசில்லாமல் பட்டறை ஓடுமா என்று கணக்குப் பாருங்கள்.

அந்தக் கணக்கை நான் போட்டுக் காட்டுகிறேன். 3 இலட்சம் ரூபா ஓர்டர், அதில் உங்கள் இலாபம் 30,000 என்று வையுங்கள். மரத்துக்கும் கூலிக்கும் 2 இலட்சம் கடன், மாதம் 2 வீத வட்டி. ஒரு மாதத்தில் காசு வந்தால் வட்டி 4,000. ஆறு மாதம் இழுத்தால் 24,000, உங்கள் கைக்கு மிஞ்சுவது 6,000. எட்டு மாதமானால் கையிலிருந்து போகிறது. கொட்டேஷனில் மரம், ஆணி, பொலிஷ், கூலி, லொறி எல்லாம் எழுதுகிறீர்கள், காத்திருப்புக்கு ஒரு சதமும் எழுதுவதில்லை. தனி வரியாகப் போட முடியாது, ஆனால் விலைக்குள் அது இருக்க வேண்டும். அதனால் ஓர்டர் கிடைக்காமல் போனால் போகட்டும், நட்டத்துக்குச் செய்கிற வேலையை வேறொருவர் எடுக்கட்டும்.

ஆகவே உங்கள் முடிவு பாதி சரி. விடாதீர்கள், ஆனால் பட்டறையின் மொத்த வேலையில் ஒரு பங்குக்கு மேல் அரசாங்கத்துக்குக் கொடுக்காதீர்கள். கல்யாண வீட்டுக் கட்டிலும் அலுமாரியும்தான் உங்கள் மாதச் செலவைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, கொள்வனவுக் கட்டளை எழுத்தில் கைக்கு வராமல், "அவசரம், சாமானை இறக்குங்கோ, பேப்பர் பிறகு தாறம்" என்று எந்தப் பெரிய அதிகாரி சொன்னாலும் ஒரு பலகை அறுக்காதீர்கள். அவர் இடமாற்றமாகிப் போனால் நீங்கள் யாரிடம் போய் நிற்பது?

மூதூரில் ஹாட்வெயார் கடை. தெரிந்த ஒருவர் என் கடிதத் தலைப்பில் ஒரு கொட்டேஷன் கேட்கிறார், "சும்மா கூட்டி எழுதித் தா, எனக்கு மூன்று வேணும்" என்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் தம்பி. மூன்று கொட்டேஷனும் ஒரே ஆளின் கையில் தயாராவது போட்டியைப் பொய்யாக்குவது. கண்டுபிடிபட்டால் சீலும் கையெழுத்தும் உங்களுடையது, கறுப்புப் பட்டியலில் ஏறப்போவதும் உங்கள் கடைதான். அத்தோடு, நேர்மையாக விலை கொடுத்து ஏமாந்து நிற்கும் இன்னொரு சின்னக் கடைக்காரர் உங்கள் பக்கத்துத் தெருவில்தான் இருப்பார்.

திருமலை நகரத்தில் அச்சகம் நடத்துகிறேன். எத்தனையோ முறை விலை போட்டும் கிடைக்கவில்லை, வெளியூர்க்காரருக்கே போகிறது. உள்ளே ஆள் பிடிக்காமல் கிடைக்காதா?

சில இடங்களில் அப்படியும் நடக்கிறது, நான் மறைக்கமாட்டேன். ஆனால் கணக்குக் கிளையில் நான் பார்த்ததில் உள்ளூர்க் கடைகளின் விலைமனுக்கள் நிறைய விழுந்தது விலையால் அல்ல. கையெழுத்து இல்லை, கேட்ட மாதிரியை இணைக்கவில்லை, 80 கிராம் தாள் கேட்ட இடத்தில் 70 கிராமுக்கு விலை, செல்லுபடியாகும் காலம் எழுதவில்லை, நேரம் கடந்து பெட்டியில் போட்டது. நேரம் கடந்து வந்ததைத் திறக்கவே மாட்டார்கள். அலகு விலையும் மொத்தமும் ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் அலகு விலையை வைத்தே திருத்துவார்கள், அதில் நீங்கள் நினைத்ததுக்கு வேறாக மாட்டிக்கொள்ளலாம்.

டெண்டர் என்றால் திறக்கும் நேரத்துக்குப் போய் இருங்கள். விலைமனு கொடுத்தவர்களுக்கு அங்கே இருக்க உரிமை உண்டு, ஒவ்வொருவரின் விலையையும் வாசிப்பார்கள், எழுதிக்கொண்டு வாருங்கள். மற்றவர் எந்த விலைக்கு அடிக்கிறார் என்று தெரிந்தாலே அடுத்த முறைக்கு உங்கள் பென்சில் கூர்மையாகும். கிடைக்காவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் கொடுங்கள், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. யாராவது வெளிப்படையாகக் காசு கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு எடுங்கள்.

என் கடைக்கு வற் (பெறுமதி சேர் வரி) பதிவு இல்லை. அதனால் தள்ளிவிடுவார்களா?

பதிவு கட்டாயமாகும் அளவுக்கு உங்கள் விற்பனை இல்லையென்றால் அதற்காகத் தள்ள முடியாது. 2024 ஜனவரியில் அந்த எல்லை ஆண்டுக்கு 6 கோடி ரூபா என்று வந்தது. எல்லையை அடிக்கடி மாற்றுகிறார்கள், இப்போதைய தொகையை இறைவரித் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கொட்டேஷனில் 'வற் பதிவு இல்லை' என்று எழுதிவிடுங்கள், பதிவில்லாமல் வற் என்று ஒரு தொகையைச் சேர்ப்பது சட்டவிரோதம்.

வெருகலில் மகளிர் சங்கம் ஒன்று. டெண்டர் பத்திரம் முழுக்க இங்கிலீஷில் இருக்கிறது, எங்களில் யாருக்கும் விளங்கவில்லை. தமிழில் கேட்டால் கோபிப்பார்களா?

கோபித்தாலும் கேளுங்கள் அக்கா. அரசியலமைப்பின்படி வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ், விளக்கம் கேட்டு நீங்கள் தமிழில் எழுதும் கடிதத்துக்குத் தமிழில் பதில் தர வேண்டியது அவர்களின் கடமை. முடிவுத் திகதிக்கு முதல் நாள் போகாமல் பத்திரம் எடுத்த கையோடு எழுதுங்கள். பொருளின் அளவு, தரம், எங்கே இறக்குவது, எத்தனை நாளில், பிணை (உத்தரவாதத் தொகை) கேட்கிறார்களா, இந்த ஐந்தும் விளங்கும்வரை சங்கத்தில் யாரும் அதில் கையெழுத்து வைக்க வேண்டாம்.