வேளச்சேரி வாடகையா, கூடுவாஞ்சேரி தனி வீடா? முன்பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை அடுக்ககத்தில் இருக்கிறோம். வாடகை, பராமரிப்பு சேர்த்து மாதம் 29,000 ரூபாய். எனக்கு வேலை தரமணியில், மனைவிக்குக் கிண்டியில். 7, 3 வயதில் இரண்டு பிள்ளைகள். அப்பாவுக்கு 68 வயது, ஸ்டென்ட் வைத்திருக்கிறார். கூடுவாஞ்சேரி ஸ்டேஷனிலிருந்து 3 கி.மீ. உள்ளே, 1,200 சதுர அடி மனையில் (30க்கு 40) புதிதாகக் கட்டிய தனி வீடு 80 லட்சத்துக்கு வருகிறது. கையில் 25 லட்சம் இருக்கிறது. இருவர் சம்பளமும் பிடித்தம் போக 1.6 லட்சம். வாடகை கொடுப்பது வீண் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இந்த வீட்டை இப்போதே வாங்க வேண்டாம். கூடுவாஞ்சேரியே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அந்தத் தெருவைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். அதுவரை வாடகை கொடுப்பதால் பெரிய நஷ்டம் எதுவும் வந்துவிடாது. எப்படி என்று முதலில் பணக்கணக்கைப் பார்த்துவிடுவோம்.

80 லட்சம் ரூபாய் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 64 லட்சம் தரும். பாக்கி 16 லட்சம் உங்களுடையது. பத்திரச் செலவை வங்கி கணக்கில் சேர்க்காது. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம் என்று முழு விலைக்குப் பத்திரம் போட்டால் 7.2 லட்சம் ஆகும். ஆக 23.2 லட்சம் போய்விடுகிறது. மிச்சமுள்ள 1.8 லட்சத்தில்தான் இன்வெர்ட்டர், கிரில், அலமாரி, வீடு மாற்றும் செலவு எல்லாம். அவசரத்துக்கென்று ஒரு ரூபாய்கூடக் கையில் நிற்காது. இதய நோயாளி இருக்கும் வீட்டில் அந்த நிலைக்குப் போகக் கூடாது.

வட்டி 8.5 சதவீதம், தவணைக்காலம் 20 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 55,500 ரூபாய். முதல் மாதத் தவணையில் 45,300 ரூபாய் வட்டிக்கே போகும். அசலில் கழிவது 10,200தான். ‘வாடகை வீண், தவணை சொத்து’ என்பவர்கள் இந்த வரியைப் பார்ப்பதே இல்லை. வாடகையாக 29,000 போவது செலவு என்றால், வட்டியாக 45,300 போவதும் செலவுதான். மனை விலை ஏறும் என்ற நம்பிக்கைதான் இந்த வித்தியாசத்தை நியாயப்படுத்த வேண்டும். ஏறலாம். ஆனால் ஸ்டேஷனிலிருந்து 3 கி.மீ. உள்ளே இருக்கும் மனை, ஸ்டேஷனை ஒட்டிய மனையின் வேகத்தில் ஏறும் என்று எண்ண வேண்டாம்.

தண்ணீரும் கழிவும்

விளம்பரத்தில் காற்றும் மரமும் வரும், இவை இரண்டும் வராது. அடுக்ககத்தில் நீங்கள் கொடுக்கும் பராமரிப்புக் கட்டணத்துக்குள் தண்ணீர் லாரி, மோட்டார், கழிவுநீர், லிஃப்ட், காவலாளி எல்லாம் அடங்கிவிடுகின்றன. பாதாளச் சாக்கடையும் குழாய்த் தண்ணீரும் வந்து சேராத தெருவில் தனி வீடு வாங்கினால் கூடவே ஒரு குட்டி நகராட்சியையும் நடத்த வேண்டும்.

வண்டலூர் தொடங்கி அந்தப் பக்கமெல்லாம் கடினப் பாறை நிலம். பாறை வெடிப்பில் ஓடும் ஊற்று மாட்டினால்தான் போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) தண்ணீர். பக்கத்து வீட்டில் கொட்டுகிறது என்பது உங்கள் போருக்கு உத்தரவாதமில்லை. வீட்டைப் பார்க்கப் போகும்போது ‘தண்ணீர் எப்படி?’ என்று கேட்காதீர்கள். ‘சூப்பர் சார்’ என்றுதான் பதில் வரும். ஏப்ரல் கடைசியிலோ மே மாதமோ போய், மொட்டைமாடி 1,000 லிட்டர் தொட்டியைக் காலி செய்யச் சொல்லி மோட்டாரைப் போடுங்கள். நிரம்ப எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். தொட்டியின் வடிகாலைத் திறந்துவிட்டு இரண்டு மணி நேரம் மோட்டாரை ஓடவிட்டு, மீண்டும் ஒருமுறை அளவெடுங்கள். 20 நிமிடம் 25 ஆனால் கவலையில்லை. 40க்கு மேல் போனாலோ, குழாயில் காற்றும் தண்ணீருமாக விட்டு விட்டு வந்தாலோ, கோடையில் லாரிதான் கதி.

லாரி என்றதும் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை, அதாவது சம்பைப் பார்க்க வேண்டும். ஐந்து பேர் வீட்டுக்குத் தலைக்கு 135 லிட்டர் வீதம் நாளுக்கு 675 லிட்டர். 6,000 லிட்டர் லாரி ஒன்பது நாளைக்குக்கூட முழுதாக வராது. கட்டி விற்பவர்கள் பலர் 4,000 லிட்டர் சம்போடு நிறுத்திவிடுகிறார்கள். முழு லாரிக்குப் பணம் கொடுத்துவிட்டு மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். உள்ளளவு 6.5 அடி நீளம், 6.5 அடி அகலம், 5 அடி நீர் ஆழம் இருந்தால்தான் 6,000 லிட்டர் பிடிக்கும். மூடியைத் திறந்து டேப்பை விட்டு அளந்துவிடுங்கள். மூடியின் விளிம்பு தரையிலிருந்து ஓர் அடியாவது உயர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தரைமட்டத்தில் இருந்தால் முதல் பெருமழையிலேயே தெருத்தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். அப்படி இறங்கினால் சம்பைக் காலி செய்து தேய்த்துக் கழுவி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரைச் சில மணி நேரம் நிறுத்திவைத்து, அதையும் வெளியேற்றிய பிறகே புழங்க வேண்டும்.

தரத்தைப் பொறுத்தவரை, கையடக்க டி.டி.எஸ். மீட்டரோடு வந்து ‘450தான் காட்டுகிறது, குடிக்கலாம்’ என்று சொல்வார்கள். கரைந்த உப்பின் மொத்த அளவு (டி.டி.எஸ்.) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கிறார்கள். ஆனால் அந்த மீட்டருக்குக் கிருமியும் தெரியாது, நைட்ரேட்டும் தெரியாது. வெள்ளை பக்கெட்டில் தண்ணீர் பிடித்து இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். காலையில் மஞ்சள் படிந்திருந்தால் இரும்பு இருக்கிறது. வெள்ளைத் துணி பாழாகும், ஆர்.ஓ. இயந்திரத்தின் வடிகட்டிச் சவ்வு (மெம்பிரேன்) சீக்கிரம் போகும். கடினத்தன்மை, நைட்ரேட், ஃபுளோரைடு, கோலிஃபார்ம் கிருமி ஆகியவற்றுக்கு ஆய்வகத்தில் கொடுத்துத்தான் ஆக வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலேயே கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கொதிக்கவைத்தாலும் அது போகாது, இன்னும் செறிவாகும்.

கழிவுநீர் வழியாக நிலத்தடி நீரில் கலப்பது நைட்ரேட். அதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உங்கள் மனையின் அளவு. செப்டிக் டேங்கின் கழிவுநீர் இறங்கும் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர், அதாவது 59 அடி இருக்க வேண்டும் என்கிறது தரநிலை. 30க்கு 40 மனையில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கே 50 அடிதான். உங்கள் போர் உங்கள் குழியிலிருந்தே தப்ப முடியாது. பக்கத்து மனைக்காரரின் குழி வேறு சுவரை ஒட்டி இருக்கும். இந்த அளவு மனைகள் வரிசையாக உள்ள நகரில், ஆய்வகம் என்ன சொன்னாலும் போர்த் தண்ணீரைக் குளிக்க, துவைக்க மட்டும் என்று வைத்துக்கொள்வதே சரி. குடிக்க, சமைக்கக் கேன் அல்லது ஆர்.ஓ.

செப்டிக் டேங்க் ஐந்து பேருக்குக் குறைந்தபட்சம் 5 அடி நீளம், 2.5 அடி அகலம், 3.5 அடி நீர் ஆழம். அடியும் சுவரும் பூசி அடைத்ததா என்று கேளுங்கள். வெறும் சிமென்ட் உறை இறக்கி, அடியைத் திறந்தபடி விட்டு அதையே செப்டிக் டேங்க் என்று விற்பது சர்வசாதாரணம். அது டேங்க் அல்ல, மலக்குழி. இன்னொரு கேள்வியை எதிர்வீட்டுக்காரரிடம் கேளுங்கள்: ‘கழிவு லாரியை எப்போது கூப்பிட்டீர்கள்?’ இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்றால் மண் உறிஞ்சுகிறது. கார்த்திகை மாதம் முழுக்க வாராவாரம் என்றால் மழையில் நிலத்தடி நீர் மேலேறிக் குழி வேலை செய்வதில்லை. அப்போது தரைத்தளக் கழிவறையில் தண்ணீர் இறங்காமல் திரும்பி மேலேறும். லாரி உங்கள் தெருவுக்குள் திரும்ப இடம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயணம்

சென்னைக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து வரும் லோக்கல் ரயில்களில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். கூடுவாஞ்சேரிக்குச் செங்கல்பட்டு வண்டிதான். அட்டவணையில் ‘லோக்கல் அடிக்கடி இருக்கிறது’ என்று பார்த்து ஏமாறாமல், நீங்கள் போகும் நேரத்தில் செங்கல்பட்டு வண்டிகளை மட்டும் எண்ணுங்கள். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு 15 நிமிடம், வண்டி நிறுத்திக் காத்திருக்க 15, கிண்டிக்கு முக்கால் மணிக்கு மேல், அங்கிருந்து தரமணிக்கு அரை மணி. உங்களுக்கு ஒரு வழிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். இப்போது போக வர ஒரு மணி நேரம் என்றால், அது மூன்றரை ஆகிறது. 22 வேலைநாளில் 55 மணி நேரம் கூடுதல். மனைவிக்குக் கொஞ்சம் குறையும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அலுவலகம் என்றால் இந்தக் கணக்கே வேறு. ஆனால் அந்தச் சலுகை நிறுவனத்தின் கையில் இருக்கிறது, கடன் 20 வருடம் உங்கள் கையில் இருக்கிறது.

வாங்கும் முன், வேலைநாள் ஒன்றில் காலை 6.45க்கு அந்த வீட்டு வாசலில் நின்று புறப்பட்டு அலுவலகம் போய்ப் பாருங்கள். மாலை 7 மணிக்குத் திரும்பியும் வாருங்கள். இதை இருவரும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். கார் வைத்துக்கொள்ளலாம் என்றால், பொங்கல், தீபாவளிக்கு முந்தைய நாள்களில் பெருங்களத்தூரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலை எப்படி நிற்கிறது என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

அப்பா, பிள்ளைகள்

பகலில் வீட்டில் இருக்கப்போவது ஸ்டென்ட் வைத்த 68 வயதுக்காரரும் பள்ளி விட்டு வரும் குழந்தைகளும். நீங்கள் ஒன்றே முக்கால் மணி நேரத் தொலைவில், மனைவி அதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. பள்ளியிலிருந்து போன் வந்தால் யார் போவது? இதற்குப் பதில் இல்லாமல் வீட்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை. நெஞ்சுவலிக்கு, கேத் லேபும் (இதயக் குழாய் அடைப்புக்குச் சிகிச்சை தரும் பிரிவு) இதய மருத்துவரும் 24 மணி நேரமும் இருக்கும் மருத்துவமனை எது, அந்தத் தெருவிலிருந்து எத்தனை நிமிடம் என்று பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பொத்தேரியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆகவே இந்த விஷயத்தில் கூடுவாஞ்சேரி மோசமில்லை. மற்றபடி, படியேறாத தரைத்தளமும் நடக்கத் தெருவும் அப்பாவுக்கு நிச்சயம் நல்லவை.

நிலமும் வெள்ளமும்

அடையாறு ஆறு தொடங்குவதே அந்தப் பகுதியை அடுத்த ஆதனூர், மணிமங்கலம் பக்கம். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது நினைவிருக்கும். ‘வேளச்சேரி மட்டும் என்ன வாழ்கிறது?’ என்று நீங்கள் கேட்டால் அதுவும் நியாயம்தான். ஆனால் வாடகைக்காரர் அடுத்த மாதம் காலி செய்யலாம், சொந்தக்காரர் முடியாது. சர்வே எண்ணை வைத்து இணையத்தில் பட்டாவும் புல வரைபடமும் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலகத்தில் கிராம வரைபடத்தைப் பார்த்து, ஏரி, ஓடை, வாய்க்கால் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுத் தரைமட்டம் சாலையிலிருந்து 3 அடி உயரமாவது இருக்கட்டும். சாலை போடப்போட அந்த உயரம் குறைந்துகொண்டே வரும். பெருமழை நின்ற மறுநாள் போய்ப் பாருங்கள். எதிர்வரிசைச் சுற்றுச்சுவர்களில் இடுப்பளவில் பழுப்புக் கோடு ஓடினால் தரகர் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை.

ஆவணத்தில், மனைப்பிரிவு அங்கீகார எண், ரெரா (வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரங்கள், விற்பவர் பெயரில் பட்டா ஆகியவை கட்டாயம். பலர் கேட்க மறப்பது, சாலைகளையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானமாகக் கொடுத்த பத்திரம். அது இல்லையென்றால் சாலை இன்னும் தனியார் சொத்து. நகராட்சி தார் போடாது, விளக்கும் வைக்காது.

என்ன செய்யலாம்?

அந்த நகரிலேயே காலியாக உள்ள ஒரு வீட்டை 11 மாதத்துக்கு வாடகைக்கு எடுத்து, ஜூனில் பள்ளி திறக்கும்போது குடிபோவது முதல் வழி. ஐப்பசி, கார்த்திகை மழையும் சித்திரை வெயிலும் அந்த ஒப்பந்தத்துக்குள்ளேயே வந்துவிடும். வாடகையும் குறைவாக இருக்கும். மிச்சமாவதைத் தொடாமல் சேருங்கள். பள்ளி மாற்ற மனமில்லை என்றால், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் ஸ்டேஷனுக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு பழைய அடுக்கக வீட்டைத் தேடுங்கள். வீடு சிறிதாக இருக்கும், பிரிக்கப்படாத நிலப் பங்கும் குறைவாக இருக்கும். ஆனால் எல்லா லோக்கலும் கிடைக்கும், தாம்பரத்தில் புறப்படும் வண்டியில் உட்கார இடமும் கிடைக்கும். உங்கள் குடும்பத்துக்கு இப்போதைக்கு இதுவே பொருத்தம் என்பது எங்கள் கருத்து. பெரிய பிள்ளை பத்தாம் வகுப்பைத் தாண்டிய பிறகு கூடுவாஞ்சேரியை மறுபடி யோசிக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த வீடுதான் என்றால், வழக்கறிஞர் கருத்தும் தண்ணீர் அறிக்கையும் கைக்கு வரும்வரை டோக்கன் பணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். விற்பனை ஒப்பந்தத்தில், வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலோ ஆவணத்தில் குறை வந்தாலோ முன்பணம் முழுவதும் இத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்று தேதியோடு எழுதி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். 50 லட்சத்துக்குக் குறையாத சொத்து என்பதால் விலையில் 1 சதவீதம், அதாவது 80,000 ரூபாயை வருமானவரியாகப் பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குபவரான நீங்கள். விற்பவரின் பான் எண்ணை முன்பணம் கொடுக்கும்போதே வாங்கிவிடுங்கள்.