ஷெல் ஸ்கிரிப்ட்டுக்குள்ள பைத்தான்: பெங்களூர் நண்பர்கள் கேட்ட சில கேள்விகள்

கேள்வி (மாரத்தஹள்ளி): அண்ணா, பாஷ் (லினக்ஸ்ல கமாண்ட் ஓட்டுற ஒரு ஷெல்) ஸ்கிரிப்ட் நடுவுல பத்து வரி பைத்தான் வேணும், தனி ஃபைல் போடாம உள்ளயே எழுதலாமா?

தாராளமா எழுதலாம் தம்பி. ஒரே வரின்னா பைத்தான்3 மைனஸ் சி போட்டு சிங்கிள் கொட்டேஷனுக்குள்ள குடுத்துடு. பத்து வரின்னா ஹியர்டாக் (ஸ்கிரிப்ட்டுக்குள்ளயே பல வரி எழுதி ஒரு கமாண்டுக்கு இன்புட்டா குடுக்குற முறை) தான் வசதி, பைத்தான்3 பக்கத்துல ஒரு ஹைஃபன், ரெண்டு லெஸ்தேன் குறி, அப்புறம் சிங்கிள் கொட்டேஷன்ல இஓஎஃப், கீழ உன் கோடு, கடைசியில இஓஎஃப் மட்டும் தனி வரியில, முன்னாடி ஒரு ஸ்பேஸ்கூட இருக்கக்கூடாது. மேல இருக்குற இஓஎஃப்புக்கு கொட்டேஷன் போடாம விட்டா, ஷெல் உன் கோடுக்குள்ள புகுந்து டாலர் குறி பார்த்த இடமெல்லாம் தன் வேரியபிள்னு மாத்திடும். இன்னொண்ணு, இந்த முறையில ஸ்டாண்டர்ட் இன்புட்டை (ப்ரோக்ராமுக்கு டேட்டா வர்ற வழி) ஹியர்டாக்கே எடுத்துக்கும், அதனால உள்ள இன்புட் ஃபங்ஷன் வேலை செய்யாது, பைப்ல (ஒரு கமாண்டோட அவுட்புட்டை அடுத்த கமாண்டுக்கு அனுப்புறது) டேட்டா அனுப்பினாலும் வந்து சேராது.

கேள்வி (எலக்ட்ரானிக் சிட்டி): கஸ்டமர் பேரை டபுள் கொட்டேஷன் போட்டு டாலர் நேம்னு பைத்தான் கோடுக்குள்ளயே ஒட்டுறேன் சார். சில பேருக்கு மட்டும் சின்டாக்ஸ் எரர் வருது.

அந்த சில பேர் யாருன்னு லாக்ல பாருங்க, டி'சோசா, டி'குரூஸ் மாதிரி நடுவுல அபாஸ்ட்ரஃபி இருக்கும், நம்ம ஊர் கஸ்டமர் லிஸ்ட்ல அந்தப் பேருங்க இல்லாம இருக்காது. ஷெல் பேரை ஒட்டினதும் டி-யோட ஸ்ட்ரிங் முடிஞ்சுபோச்சுன்னு பைத்தான் நினைச்சுக்குது, சோசா வெளிய தனியா நிக்குது. எரரோட போச்சேன்னு சந்தோஷப்படுங்க, யாராவது வேணும்னே பேர் போடுற இடத்துல பைத்தான் கோடை அடிச்சு அனுப்பினா அது உங்க சர்வர்ல, உங்க பர்மிஷனோடவே ஓடிடும். அதனால எத்தனை தடவை வேணா சொல்றேன், டேட்டாவை கோடுக்குள்ள ஒட்டவே ஒட்டாதீங்க. ஆர்கியுமென்ட்டா அனுப்புங்க: கோடு முழுக்க சிங்கிள் கொட்டேஷன்ல, அது முடிஞ்சதும் வெளிய டபுள் கொட்டேஷன்ல டாலர் நேம், உள்ள சிஸ் ஆர்க்வி லிஸ்ட்ல ஒண்ணாம் இடத்துல எடுத்துக்கலாம், பூஜ்யத்துல அந்த மைனஸ் சி தான் உக்காந்திருக்கும். பாஸ்வேர்டை மட்டும் இப்படி அனுப்பாதீங்க, பிஎஸ் (ஓடுற ப்ரோக்ராம்களைக் காட்டுற கமாண்ட்) அடிச்சா மெஷின்ல இருக்குற மத்தவங்க கண்ணுலயும் படும், அதை என்விரான்மென்ட் வேரியபிளா எக்ஸ்போர்ட் பண்ணி ஓஎஸ் என்விரான்ல படிங்க.

கேள்வி (கே.ஆர். புரம்): கையால ஓட்டினா ஓடுது, க்ரான்ல (குறிச்ச நேரத்துல தானா ஓட்டுறது) போட்டா மாட்யூல் இல்லைன்னு சொல்லுது.

க்ரான் உங்க பாஷ்ஆர்சியைப் (பாஷ் செட்டிங் ஃபைல்) படிக்காதும்மா, அதுக்கு உங்க வென்வ் (ப்ராஜெக்ட்டுக்குன்னு மாட்யூல் போட்டு வெச்ச தனி பைத்தான் ஃபோல்டர்) இருக்குறதே தெரியாது. ஆக்டிவேட்டே பண்ண வேணாம், வென்வ் ஃபோல்டருக்குள்ள பின்ல இருக்குற பைத்தானை முழு பாத்தோட கூப்பிடுங்க, போதும். ஆக்டிவேட் பண்ண க்ரான் வரியில சோர்ஸ்னு போட்டா உபுண்டுல அதுவும் ஓடாது, க்ரான் எஸ்ஹெச்ல தான் ஓட்டும், சோர்ஸ் பாஷ் கமாண்ட், அங்க 2006-ல வந்த 6.10-லேர்ந்தே எஸ்ஹெச்னா டாஷ்ங்கிற வேற ஷெல் தான், பாஷ் இல்ல.

கேள்வி (அல்சூர்): பைத்தான் எரர் அடிச்சு நின்னாலும் ஸ்கிரிப்ட் சக்சஸ்னு மெயில் அனுப்புது, ஏன்?

லாக்குக்காக டீ-க்கு (அவுட்புட்டை ஸ்கிரீன்லயும் ஃபைல்லயும் போடுற கமாண்ட்) பைப் பண்ணியிருப்பீங்க. எரர்னு சொல்ல பைத்தான் 1 குடுத்தாலும் பைப்ல கடைசியா இருக்குற டீ குடுக்குற 0 (சக்சஸ்) தான் ஷெல்லுக்குத் தெரியும். பாஷ்ல மேல செட் மைனஸ் ஓ பைப்ஃபெயில் போடுங்க. எக்செப்ட்ல வெறும் பிரிண்ட் போட்டு விட்டிருந்தாலும் இதே கதைதான், அங்க சிஸ் எக்ஸிட் 1 வேணும். அப்படியே பைத்தானுக்கு மைனஸ் யு-வும் சேத்துடுங்க, லாக் கடைசியில மொத்தமா கொட்டாம வர வர தெரியும்.