ஆணுக்கும் உண்டா ஜி.எம்.பி. நிலுவை?

கேள்வி: என் கணவர் 1986 முதல் 1996 வரை லெஸ்டரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 65 வயதிலிருந்து அந்தக் கம்பெனி பென்ஷன் வருகிறது. இப்போது ‘ஜி.எம்.பி. சமப்படுத்தல்’ என்று சொல்லி, நிலுவை தருவதாகக் கடிதம் வந்திருக்கிறது. பெண்களுக்குத்தானே பாரபட்சம் நடந்தது, ஆணுக்கு ஏன் நிலுவை? ஏதும் மோசடியா? அதே கம்பெனியில் 1989 முதல் 1995 வரை நான் பகுதிநேரமாக இருந்தேன். திட்டத்தில் என்னைச் சேர்க்கவே இல்லை. எனக்கு ஏதாவது கிடைக்குமா?
– வாசகி, லெஸ்டர்

பதில்: கடிதம் உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் அதிலுள்ள எண்ணை அழைக்காமல், கணவரின் பழைய பென்ஷன் சீட்டிலுள்ள எண்ணில் கேளுங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. கமிஷனுக்கு ‘வாங்கித் தருகிறேன்’ என்பவர்களைக் கிட்டவே சேர்க்காதீர்கள்.

பிரிட்டனில் செர்ப்ஸ் என்ற அரசுக் கூடுதல் பென்ஷனிலிருந்து ஊழியர்களை விலக்கிக்கொண்ட கம்பெனிகள், அதற்கு ஈடாக ஒரு குறைந்தபட்சத் தொகைக்கு உறுதி தர வேண்டியிருந்தது. அதுதான் ஜி.எம்.பி. (உறுதியளிக்கப்பட்ட குறைந்தபட்ச பென்ஷன்); 1978 ஏப்ரல் 6 முதல் 1997 ஏப்ரல் 5 வரை சேர்ந்தது. அன்றைய அரசு பென்ஷன் வயதைப் போலவே இதுவும் பெண்ணுக்கு 60, ஆணுக்கு 65. கம்பெனி பென்ஷனும் சம்பளமே, அதில் ஆண்-பெண் பேதம் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1990 மே 17 அன்று தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்த பார்பரும் ஓர் ஆண்தான்! திட்டங்கள் ஓய்வு வயதைச் சமப்படுத்தின. சட்டத்தோடு பிணைந்திருந்த ஜி.எம்.பி.யை அப்படியே விட்டுவிட்டன. அதையும் சரிசெய்ய வேண்டும் என்று லாய்ட்ஸ் வங்கி வழக்கில் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது 2018 அக்டோபர் 26-ல்தான்.

ஆகவே உங்கள் கணவருக்குக் கணக்கில் வருவது 1990 மே 17 முதல் வேலையை விட்ட நாள் வரை மட்டுமே. 1996-ல் விலகியவர்களின் ஜி.எம்.பி. பல திட்டங்களில் ஆண்டுக்கு 7% வளர்ந்தது. ஆணுக்கு 65 வரை, பெண்ணுக்கு 60 வரை. பென்ஷன் தொடங்கியபின், 1988 ஏப்ரலுக்கு முந்தைய ஜி.எம்.பி.க்குத் திட்டம் உயர்வு தரத் தேவையில்லை. பிந்தையதற்கு அதிகபட்சம் 3%. பென்ஷனில் ஜி.எம்.பி. போக மீதிப் பகுதி வேறு விகிதத்தில் ஏறும். அதனால் சில ஆண்டுகள் ஆண் கணக்கு முந்தும், சில ஆண்டுகள் பெண் கணக்கு.

பல திட்டங்கள் பின்பற்றும் சி-2 முறையில், அவர் பெண்ணாக இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று ஆண்டுதோறும் ஒப்பிட்டு, அதிகமானதைத் தருவார்கள். பிற்பாடு கணக்கு தலைகீழானால், ஏற்கெனவே கொடுத்த அதிகப்படி வட்டியோடு கழியும் வரை குறைவானதே வரும். தொகை பெரும்பாலும் சிறியது. வீட்டுக்கடனை அடைக்கலாம் என்று கணக்குப் போட வேண்டாம். நிலுவைக்கு அடிப்படை வட்டி விகிதத்துக்கு மேல் 1% தனிவட்டி சேரும். திட்ட விதிகளில் காலாவதி விதி இருந்தால் ஆறு ஆண்டு நிலுவையோடு நிறுத்திவிடலாம். அந்த விதியைக் காட்டச் சொல்லுங்கள்.

வரியில் கவனம். மொத்தத்தையும் இந்த ஆண்டு வருமானமாகப் பிடித்தம் செய்துவிடுவார்கள். நிலுவை அந்தந்த ஆண்டுக்கு உரியது. ஆண்டுவாரிப் பட்டியல் வாங்கி வருமான வரித் துறைக்கு எழுதுங்கள். வட்டி மட்டும் சேமிப்பு வருமானம்.

பென்ஷனை 1990 மே 17-க்குப் பிறகு வேறு திட்டத்துக்கு மாற்றிக்கொண்டவர்களுக்கும் அதே லாய்ட்ஸ் வழக்கின் 2020 நவம்பர் 20 தீர்ப்பின்படி பாக்கி இருக்கலாம். அவர்கள் காத்திராமல் பழைய திட்டத்துக்குத் தாங்களே எழுதுவது நல்லது.

உங்கள் விஷயம் வருத்தமானது. பகுதிநேரத்தார் என்று ஒதுக்கப்பட்டவர்கள் வேலை முடிந்த ஆறு மாதத்துக்குள் தொழில் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டிருக்க வேண்டும். நீங்கள் போடவில்லையென்றால் அந்தக் கதவு மூடிவிட்டது. ஆனால் கணவரின் ஜி.எம்.பி.யில் பாதி, அவருக்குப்பின் மனைவிக்கு வர வேண்டியது. சமப்படுத்தியபின் உங்கள் பங்கு எவ்வளவு என்பதை இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.